பாலம் நிமிர்ந்திருக்கும் நேரம்

ஜனவரியிலிருந்து ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறேன்.
இடப்பக்கம் மணி.
வலப்பக்கம், எழுதியதில் எத்தனை வரி
மறுநாள் அடிபடாமல் தப்பியது என்று.

வைகறை, ஐந்து மணி.
எல்லாரும் சத்தியம் செய்யும் மணி.
அலாரம் சீட்சேயை எழுப்புமுன் அமுக்கிவிட்டுச்
சமையலறையில் உட்கார்ந்தேன்.
பக்கத்துப் பண்ணையில் கறவை இயந்திரம்
ஒரே சீராக உறிஞ்சிக்கொண்டிருந்தது.
அதற்குப் பால் இருந்தது.
எனக்கு மூன்று கோப்பை காப்பி, ஒரு வரி.
அந்த வரியிலும் ஒரு மாடு.

நண்பகலுக்கு எதிரே வெண்ணெய்க் கறை மட்டும்.

எற்பாட்டில் வெயில் வாய்க்காலில் பட்டு
நேரே கண்ணுக்குள் பாயும்.
எழுதியது எதுவும் தெரியவில்லை.
தெரியாததால் நன்றாக இருந்திருக்கலாம்.

யாமத்தில் எழுதியதெல்லாம் அற்புதம்.
காலையில் எடுத்துப் படித்தால்
யாரோ குடித்துவிட்டு உளறியதுபோல் இருக்கிறது.
நான் குடிக்கவில்லை. சீட்சே சாட்சி.

நாத்தனார் ஹில்ட்யே பல் மருத்துவமனையில்
வரவேற்பு மேசைக்காரி.
மூன்று துப்பறியும் நாவல் முடித்துவிட்டாள்.
"தினமும் ஒரே மணி, ஒரே நாற்காலி.
முதலில் புட்டத்தைப் பழக்கு,
மூளை பின்னாலேயே வந்துவிடும்" என்றாள்.
பழக்கினேன்.
புட்டம் நல்ல மாணவி.

ஏப்ரலில் படகுகள் வரத் தொடங்கின.
ஃபிரீஸ்லாந்தின் இந்த வாய்க்காலில்
பாலம் தூக்குவது என் வேலை.
மணி அடிக்கும், சிவப்பு விளக்கு, தடுப்புக் கட்டை.
இரண்டு கரையிலும் சைக்கிள்காரர்கள்
ஒற்றைக் காலை ஊன்றி நிற்பார்கள்.
சாலை மெல்ல எழுந்து
வானத்துக்குப் போகிற சாலையாகிவிடும்.
தூண்டில் கழியில் மரச்செருப்பு ஒன்றைக் கட்டி
படகின்மேல் ஆட்டிவிடுவேன்.
மூன்றரை யூரோ விழும்.
சில சமயம் பொத்தான் விழும்.

அப்போதுதான் வந்தது.
கூப்பிடாமல், முழுசாக, ஒரு வரி.

ஒரு கை நெம்புகோலில், ஒரு கை தூண்டிலில்.
பாலம் தூக்கியிருக்கையில்
தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது,
சட்டம்.
சுடச்சுட உருளைக்கிழங்கை வாயில் போட்டதுபோல
விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்
அந்த வரியோடு நின்றேன்.
பின்னால் இன்னும் நாலு படகு.
முதல் படகில் உரிச்சொற்கள் போயின.
இரண்டாவதில், மழை பற்றிய உவமை.
மூன்றாவது மெல்ல ஊர்ந்தது,
ஒரு நாய் குரைத்ததில் பாதி மறந்தேன்.
தடுப்புக் கட்டை உயர்ந்தபோது
வாயில் ஐந்து சொல் மிச்சம்.
சுங்கச் சீட்டின் முதுகில் எழுதினேன்.
அந்த ஐந்தும் இன்றுவரை அடிபடவில்லை.

அதன்பின் கணக்குப் புத்தகத்தில்
10.42, 1.17, 3.50,
ஒரு செவ்வாயன்று 11.08, 11.31, 11.40.
ஒன்றுக்கொன்று உறவில்லாத மணிகள்.
காற்று எங்கிருந்து வீசியது,
எந்தக் குடும்பம் எப்போது பாய் விரித்தது,
எல்லாம் சேர்ந்து எனக்கு நேரம் குறித்தன.
ஹில்ட்யேயிடம் சொல்லவில்லை.
எந்த நாற்காலி என்று கேட்பாள்,
நான் நின்றுகொண்டல்லவா இருந்தேன்.

அக்டோபர் கடைசியோடு படகுகள் அடங்கின.
நவம்பரில் யாராவது தொலைபேசியில் கேட்டால்தான்
பாலம் திறக்க வேண்டும்.
சாவி எங்கள் வீட்டு ஆணியில்.
பதினெட்டு நாள் யாரும் கேட்கவில்லை.
புத்தகத்தின் இரண்டு பக்கமும் வெள்ளை.

பத்தொன்பதாம் நாள் சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.
மணி அடித்தேன்.
சிவப்பு விளக்கு, தடுப்புக் கட்டை.
சாலை எழுந்து நின்றது.
கீழே தண்ணீரில் இரண்டு வாத்து,
அவற்றுக்குப் பாலம் தூக்கத் தேவையில்லை.

தபால் பையோடு ஒருவன்
ஒற்றைக் காலை ஊன்றி நின்றான்.
வாய்க்காலை இந்தப் பக்கம் பார்த்தான்,
அந்தப் பக்கம் பார்த்தான்.
"படகு எங்கே?"
"வருது" என்றேன்.
சிகரெட் சுருட்டிப் பற்றவைத்துக்கொண்டு
"மழைக்கு முன்னே வந்துவிடுமா?" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை.
வாய் நிறையக் கிழங்கு.